உறைக்குத் திரும்பிய ரிவால்வர்

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்திக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண் எஸ்.ஐ. என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிரசவ விடுப்பு முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பியிருப்பவர். "சார், ஒரு வருஷமா துப்பாக்கியத் தொடவே இல்ல. போன வாரம் ரேஞ்சுக்குப் போனேன். கை என்னோட கையாவே இல்ல சார்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சாம்பார் வந்த பிறகு போலீஸ்காரன் பேசி யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதனால் அவருக்குச் சொல்ல நினைத்ததை, புதிதாகத் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கை எங்கேயும் போய்விடவில்லை தங்கச்சி. கண்டுகொள்ளாமல் விட்டதில் கோபித்துக்கொண்டிருக்கிறது. சமாதானப்படுத்தினால் வந்துவிடும். வந்த பிறகுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இருந்த காலம். எஸ்.ஐ. ஆன புதிதில் நான் நன்றாகவே சுடுவேன். சுட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்கிற கெட்ட பழக்கமும் உண்டு. பிறகு திருச்சியில் ஓர் ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். ஃபைல், டீ, மறுபடி ஃபைல் என்று சில வருடங்கள் ஓடின. இடுப்பில் துப்பாக்கி இருந்த இடத்தைத் தொப்பை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து குன்னம் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. வந்து சேர்ந்து சாமான்களைப் பிரிப்பதற்குள் வருடாந்திரச் சுடும் தேர்வு.

அன்று நான் சுட்ட அழகை எப்படிச் சொல்வது? என் பக்கத்தில் நின்றவர் ஆறு குண்டு சுட்டார். அவருடைய அட்டையில் எட்டு ஓட்டை இருந்தது. அதைவிட மோசம், உறையிலிருந்து ரிவால்வரை எடுத்த விதம். அப்போதெல்லாம் தோல் உறைக்கு மேல் ஒரு மூடியும் அதற்கு ஒரு பொத்தானும் இருக்கும். விசில் ஊதியதும் பொத்தானைத் திறந்து, எடுத்து, நீட்டி, சுட வேண்டும். நான் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தேர்வு நடத்திய அதிகாரி பின்னால் வந்து நின்றார். "என்னய்யா, மாமியா வூட்டுல வெத்தலப்பொட்டிய தேடுற மாதிரி தேடுற?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாதம் மறுதேர்வு என்றும், அதிலும் இப்படியே என்றால் ஸ்டேஷனை விட்டுவிட்டு ஃபைலுக்கே திரும்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர். சொன்னால் செய்துவிடுவார்.

ஸ்டேஷனில் ஆயுதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், உடம்பில் என்னைவிடப் பெரியவர். நான் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஏங்கய்யா மொகத்த இப்பிடி வெச்சிருக்கீங்க? வாங்க, சுண்ணாம்புக்கல் குழிக்குப் போவோம்" என்றார்.

அரியலூர்ப் பக்கம் கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குழிகள் நிறைய உண்டு. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி என்பார்கள். பாறையில் சங்கும் கிளிஞ்சலும் பதிந்திருக்கும். மூன்று பக்கமும் சுவர் மாதிரி கல் நிற்கிற ஒரு குழியை ஏட்டு தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய துறை நம்முடையது, அதனால் குண்டில்லாத வெறும் ரிவால்வர்தான். நான் ஒருமுறை திறந்து பார்ப்பேன், அவர் ஒருமுறை திறந்து பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு விசில் ஊதுவார். நான் எடுப்பேன். "தோள இறக்குங்கய்யா", "பொத்தான கட்டவெரலால தள்ளுங்கய்யா", "யாரும் தொரத்தலங்கய்யா, மெதுவா". மெதுவாகச் செய்யச் சொல்லிச் சொல்லியே வேகத்தைக் கொண்டுவந்துவிட்டார். காலையில் குளிர் விடுவதற்குள் போய்விட்டு, வெயில் ஏறியதும் வந்துவிடுவோம்.

எடுப்பது சரியாகிவிட்டது. குறி சரியாகவில்லை. ஒவ்வொரு முறையும் விசையை அமுக்குகிற கணத்தில் ரிவால்வரின் மூக்கு கீழே சாய்ந்தது. ஏட்டுக்கும் காரணம் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. கண்டுபிடித்தது என் மனைவி சரோஜா.

சாயங்காலங்களில் வீட்டில், மண்சுவரைப் பார்த்து நின்று, வெறும் துப்பாக்கியை எடுத்து எடுத்துப் பழகுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க எடுக்கிறதுக்குள்ள திருடன் பஸ் புடிச்சி டவுனுக்கே போயிடுவான் போலருக்கே" என்றாள். அவளும் பங்கெடுத்துக்கொள்ளட்டும் என்று ஏட்டு அவளுக்கு ஒரு விசில் கொடுத்தனுப்பினார். அவள் ஆசையாக வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள், போலீஸ் லயனே திரண்டு வந்துவிட்டது. ஒருவர் லுங்கியோடு, ஒருவர் முகத்தில் சவர சோப்போடு, ஒருவர் லத்தியோடு. "ஐயா, என்னங்கய்யா ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரு தட்டு முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள். அதோடு வீட்டில் விசில் கிடையாது. "ம்" என்பாள், நான் எடுப்பேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "கண்ண மூடுறீங்க" என்றாள்.

"இல்லையே."

"மூடுறீங்க. விசைய அமுக்கறதுக்கு முன்னாடியே இறுக்கி மூடிக்கிறீங்க. இத்தன வெங்காயம் உரிக்கிறேன், நானே மூடறதில்ல. குண்டே இல்லாத துப்பாக்கிக்கு நீங்க பயப்படுறீங்களே."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த கோபம் அடுத்த முறை எடுத்தபோது போய்விட்டது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. வெடிக்கப்போகிற சத்தத்தை நினைத்து உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்கிறது. கண் மூடுகிறது, மணிக்கட்டு சாய்கிறது. விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது சகஜம். உங்கள் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது. உங்களிடம் பயமில்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். வீட்டில் தாராளமாகக் கிடைப்பார்கள்.

மறுதேர்வில் தேறிவிட்டேன். வெறும் தேர்ச்சி இல்லை, நல்ல தேர்ச்சி. விசில் ஊதிய மாத்திரத்தில் ரிவால்வர் கையில் இருந்தது. அதிகாரியின் மீசை கொஞ்சம் அசைந்தது. ஏட்டுக்குப் பரோட்டாவும் சரோஜாவுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலையும் வாங்கினேன். எனக்கு நானே என்ன வாங்கிக்கொண்டேன் என்று கேட்கிறீர்களா? கர்வம்.

சில நாள் கழித்து ஒரு வேலையாகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஏட்டும் கூட இருந்தார். இடது கையில் டீ கிளாஸ். அப்போது எனக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், பஸ்ஸை எடுக்கச் சொல்லி, நீளமாக விசில் ஊதினார்.

டீ என் சட்டையில் இருந்தது. ரிவால்வர் என் கையில் இருந்தது.

எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. விசில் கேட்டது, கை போய்விட்டது. எனக்கு நேர் எதிரே, லப்பைக்குடிக்காடு பஸ்ஸுக்காக ஒரு பாய் நின்றிருந்தார். அன்று காலைதான் வளைகுடாவிலிருந்து வந்து இறங்கியவர். கயிறு போட்டுக் கட்டிய பெரிய பெட்டிகள் அவரைச் சுற்றி. ரிவால்வரின் முனை தரையைப் பார்த்துத்தான் இருந்தது. இருந்தாலும் மனிதர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "யா அல்லா! சார், எல்லாத்தையும் கஸ்டம்ஸ்ல காட்டிட்டுத்தான் சார் வந்தேன்! ஒரு டேப்ரிக்கார்டரு, ரெண்டு சென்ட் பாட்டிலு, அவ்வளவுதான் சார்!"

நான் உள்ளே வைத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டிகளை நானும் ஏட்டுமாகவே பஸ் மேல் ஏற்றினோம். "மன்னிப்பெல்லாம் எதுக்கு சார், உசுரோட வூடு போய்ச் சேந்தாப் போதும்" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாக என் இடுப்பையே பார்த்துக்கொண்டு போனார்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அது வெறும் துப்பாக்கி இல்லை, உள்ளே குண்டு இருந்தது. முனை கொஞ்சம் உயர்ந்து, விரலும் விசைக்குள் போயிருந்தால் அந்த மனிதர் தன் பிள்ளைகளைப் பார்த்திருக்கவே மாட்டார். சோறு இறங்கவில்லை. சரோஜா என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்யாதபோது நான் பயந்துபோவேன்.

மறுநாள் ஏட்டும் சிரிக்கவில்லை. "தப்பு எம்மேலதாங்கய்யா. விசில் ஊதுனா எடுங்கன்னுதான் பழக்கிவுட்டேன். எதுக்கு எடுக்கிறோம்னு பாக்கப் பழக்கல. ஒங்க கை கத்துக்கிச்சு, கண்ணு இன்னும் கத்துக்கல" என்றார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேலதிகாரியிடம் தப்பு என்மேல் என்று தானாக ஒத்துக்கொள்கிறவர்களை நம் துறையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

மறுபடியும் குழிக்குப் போனோம். இந்த முறை விசில் இல்லை. ஏட்டு ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, நீளக் கம்பின் நுனியில் கட்டிய ஏதோ ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். சில சமயம் அரிவாள், சில சமயம் பனையோலை விசிறி. அரிவாள் என்றால் எடுக்க வேண்டும், விசிறி என்றால் கை சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் பாவம், அந்த விசிறியை நான் எத்தனை முறை சுட்டிருப்பேன் என்று தெரியாது. பிறகு மெல்ல மெல்ல, கை கிளம்பும்போது கண்ணும் கூடவே கிளம்ப ஆரம்பித்தது.

ஒருநாள் அரிவாளைத் தூக்கியவர், நான் எடுத்து நீட்டியதும் கீழே இறக்கிவிட்டார். நான் நீட்டியபடியே நின்றேன். பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "என்னங்கய்யா நிக்கிறீங்க? அரிவாளுதான் போயிடுச்சே. உள்ள வைங்க" என்றார்.

வைக்கத் தெரியவில்லை எனக்கு. ஆமாம், சிரிக்காதீர்கள். எடுக்கப் பழகியவன், எதிரே இருப்பவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் திரும்ப வைப்பதைப் பழகவே இல்லை. உறையின் வாய் அகப்படாது, மூடி உள்ளே மடங்கிக்கொள்ளும், குனிந்து பார்க்கத் தோன்றும். அதைவிட, மனசு வராது. வெளியே வந்த துப்பாக்கி ஏதாவது செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று உடம்பு பிடிவாதம் பிடிக்கிறது. அந்தப் பிடிவாதத்தைப் போக்குவதற்கு, எடுக்கக் கற்றுக்கொண்டதைவிட அதிக நாள் ஆயிற்று.

இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை நேரம், செந்துறைப் பக்கமாக உள்ள ஒரு ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பொதுக்கிணறு. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் தகராறு. "கெணத்துமேட்டுல ஒருத்தன ஒருத்தன் போட்டு அடிச்சிக்கிறானுங்கய்யா" என்றார். நானும் ஏட்டும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். ஊரைத் தாண்டி வண்டிப்பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சோளம். நடுவில் வாய்க்கால் உடைந்து சேறாகக் கிடந்ததால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

இறங்கியதும், சோளத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் பாதையில் வந்து விழுந்த மாதிரி வந்தான். முப்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் ரத்தம். கையில் அரிவாள். எங்களைப் பார்த்தவன் நிற்கவில்லை. நேராக எங்களை நோக்கி ஓடிவந்தான்.

"ஐயா!" என்று ஏட்டு பின்னாலிருந்து கத்தினார்.

ரிவால்வர் கையில் இருந்தது. விரல் விசைக்கு வெளியே இருந்தது. அவன் நெஞ்சு எனக்கு நேரே இருந்தது, தவறவே தவறாது. அவ்வளவு கிட்டத்தில் சுட்டிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ரத்தத்தோடு அரிவாளை வைத்துக்கொண்டு போலீஸை நோக்கி ஓடிவந்தவன், முடிந்தது கதை. அப்போது என் கண் அவன் தோளுக்குப் போயிற்று. அரிவாள் பிடித்த அதே கையின் கக்கத்தில் துண்டை இடுக்கியிருந்தான்.

அந்தப் பக்கத்தில் அதிகாரி முன்னால் வரும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நின்ற குடும்பங்களில், அது பயத்தில் வந்த பழக்கம். எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. துண்டைத் தோளில் போடுங்கள் என்று பலமுறை பலரைக் கடிந்திருக்கிறேன். ஆனால் அரிவாளை ஓங்கப்போகிறவன் அந்தக் கையிலேயே துண்டை இடுக்கமாட்டான். ஓங்கினால் விழுந்துவிடும். அவன் வெட்ட வரவில்லை. வெட்டிவிட்டு வருகிறான். வெட்டிய அரிவாளோடு ஸ்டேஷனுக்கு வந்து தானாக நிற்பதும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஸ்டேஷன் பாதி வழியில் எதிரே வந்துவிட்டதால் ஓடிவருகிறான்.

"நில்லுடா!" என்று கத்தினேன். நின்றான். அரிவாள் கீழே விழுந்தது. ஏட்டு காலால் அதைச் சோளத்துக்குள் தள்ளிவிட்டார்.

"யாரை வெட்டுன? எங்க?" என்றேன். அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டேன். கண் ரிவால்வரின் வாயிலேயே நிலைகுத்தி நின்றது. ஏட்டு ஓர் அதட்டு அதட்டினார், அதற்கும் பதில் இல்லை. என்னைச் சுற்றி ஏக்கர் ஏக்கராகச் சோளம், உள்ளே எங்கேயோ ஒரு மனிதன் ரத்தம் வடியக் கிடக்கிறான், அவன் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் என் துப்பாக்கிக்குப் பயந்து ஊமையாகி நிற்கிறான்.

அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ரிவால்வரை உறைக்குள் வைத்தேன். பொத்தானையும் போட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவன் பாய்ந்தால் மறுபடி எடுக்க நேரம் இருக்காது. வெறும் கையைக் காட்டினேன்.

"அண்ணங்கய்யா" என்றான் உடனே. "எங்கண்ணன்தாங்க. நடுக்கொல்லையில கெடக்குறாரு. மூச்சு இருக்குதுங்க. வாங்கய்யா, நான் காட்டறேன், வாங்க."

அவன் முன்னால் ஓடினான், நாங்கள் பின்னால். அவன் இல்லாமல் அந்த இடத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது. சோளத்துக்குள் நாலடி தள்ளினால் ஒன்றும் தெரியாது. அண்ணன் ஒரு வரப்பில் சாய்ந்து கிடந்தார். தோளில் ஆழமான வெட்டு. ஏட்டு தம்பியின் துண்டைப் பிடுங்கி இறுக்கிக் கட்டினார். முந்திச் சொல்லிவிடுகிறேன், அண்ணன் பிழைத்துக்கொண்டார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. அவர் மெல்லக் கண்ணைத் திறந்து, முதலில் தம்பியைப் பார்த்தார், பிறகு என் சட்டையை, பிறகு என் இடுப்பை.

"அவனச் சுட்டுடாதீங்கய்யா" என்றார். "சின்னப் பய."

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தார்ரோட்டில் வெங்காய மூட்டை ஏற்றிப்போன ஒரு லாரியை மறித்தோம். மூட்டைகளின் மேல் அவரைப் படுக்க வைத்தோம். கட்டிய துண்டையும் மீறி ரத்தம் கசிந்தது. யாராவது விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் சொல்வதற்கு முன்பே தம்பி ஏறி, அண்ணன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காயத்தை அமுக்கினான். ஏட்டு என் காதருகே, "ஐயா, வெட்டுனவனையே பக்கத்துல உக்கார வெக்கிறதா?" என்றார். "அவன விடப் பத்திரமா யாரு அமுக்குவா?" என்றேன். ஏட்டு அவர்களோடு லாரியில் ஏறிக்கொண்டார், நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். விதிப்படி அது சரியா என்று இன்றுவரை நான் யாரையும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கேஸ் நடந்தது, தண்டனையும் கிடைத்தது, அதெல்லாம் அதன் வழியில். கல்யாணத்தில் என்னிடம் கண்கலங்கிய தங்கச்சிக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கை திரும்பி வந்துவிடும், நன்றாகவே வரும். எடுப்பதற்கு எத்தனை நாள் பழகுகிறீர்களோ, பார்ப்பதற்கும் வைப்பதற்கும் அதைவிட அதிக நாள் பழகுங்கள். அதற்கு மார்க் போட யாரும் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

அன்று லாரி அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் அண்ணனை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வேகமாக வெளியே வந்தார். அண்ணனுக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

"கூட வந்த சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டார்.

சுவரோரம் ஏட்டின் பக்கத்தில் குந்தியிருந்த தம்பி எழுந்து கையைத் தூக்கினான். முழங்கை வரைக்கும் ரத்தம் காய்ந்திருந்தது. "நான்தாங்க. தம்பி."

டாக்டர் அவனை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு ஆழமா வெட்டியிருக்கானே, யாரு சார் அவன்? புடிச்சிட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி சொன்னான். தூக்கிய கையை அவன் இன்னும் இறக்கவில்லை.

"அதுவும் நான்தாங்க."